நாள் பூரா ஓடறேன், சாயந்திரம் பாத்தா கையில ஒண்ணுமில்ல

கேள்வி, 11 ஜூன் 2024, இரவு 11:20

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், அதாவது துணி வாங்கற பையருக்கும் ஆலைக்கும் நடுவுல ஆர்டர பாத்துக்கற வேல, மூணு வருஷம் ஆச்சு. காலைல 9 மணிக்கு சீட்ல உக்காந்தா நைட் 9 வரைக்கும் போன், மெயில், வாட்ஸப், டையிங்காரர் ஒரு பக்கம் பிரிண்டிங்காரர் ஒரு பக்கம், சாப்பாட்டு டப்பாவ மூணு மணிக்குத்தான் தொறக்கறேன். ஆனா வீட்டுக்குப் போய் இன்னிக்கு என்ன பண்ணோம்னு யோசிச்சா ஒண்ணும் ஞாபகம் வர மாட்டேங்குது. பக்கத்து சீட் அண்ணா 6:30க்கு பைய மாட்டிட்டு கிளம்பிடறாரு, அவரோட ஆர்டர் எல்லாம் தேதிக்குப் போகுது. எனக்கு இந்த மாசம் ரெண்டு ஷிப்மென்ட் லேட். அவர விட நான்தான் அதிகம் வேல செய்யறேன்னு சத்தியம் பண்ணுவேன். பிஸியா இருக்கறதும் வேல நடக்கறதும் வேற வேறயா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

12 ஜூன், காலை 6:10

வேற வேறதான் தம்பி. டூட்டிக்கு கிளம்பிட்டேன், நைட் வந்து விவரமா எழுதறேன். அதுக்குள்ள ஒண்ணு மட்டும் பண்ணு. அந்த 6:30 அண்ணா காலைல வந்ததும் முதல் ஒரு மணி நேரம் என்ன செய்யறாருன்னு பாரு. கேக்காத, பாரு. ரெண்டு மூணு நாள் பாரு.

12 ஜூன், இரவு 10:05

வந்துட்டேன். நான் 18 வயசுல செக்கிங்ல சேந்தவ, இப்ப 22 வருஷம் ஆகுது, புரொடக்‌ஷன் பாத்துக்கறேன். நீ கேட்டத நான் கத்துகிட்ட கதைய சொல்றேன், கொஞ்சம் நீளம்.

ஏழு வருஷம் முன்ன வேற ஒரு கம்பெனில லைன் சூப்பர்வைசரா இருந்தேன். காலர் வெச்ச போலோ டீசர்ட் ஆர்டர். 32 டெய்லர், 8 மணி நேர ஷிப்ட். போலோவுல உயிர எடுக்கறது பிளாக்கெட், அதான் நெஞ்சுல பட்டன் வெக்கற பட்டி. அதுக்கு ரெண்டே ரெண்டு அக்கா, ஆளுக்கு மணிக்கு 40 பீஸ். ரெண்டு பேரும் சேந்து 80, நாளைக்கு 640. அந்தப் பக்கம் பிளாட்லாக்ல, அதான் ஓரம் மடிச்சுத் தெக்கற மிஷின்ல, சட்டைக் கை மடிக்கிற பொண்ணு மணிக்கு 110 ஜோடி அடிச்சுத் தள்ளுவா, நாளைக்கு 880. இப்ப கணக்குப் போடு, நெஞ்சுப்பட்டி 640தான் வருது, கை 880 வருது, சட்டை எத்தன வரும்? 640தான். மிச்சம் 240 ஜோடி கை தெனமும் கூடையில ஏறுது. ஆறு நாள்ல 1440 ஜோடி. கூட நெறஞ்சு, டேபிளுக்கு அடியில தள்ளி, அப்புறம் பாலித்தீன் கவர்ல கட்டி சுவத்தோரமா அடுக்கி வெச்சோம்.

பாக்கறவங்களுக்கு லைன் பிச்சிகிட்டு ஓடுது. ஒரு மிஷின் நிக்கல. ஓனர் ரவுண்ட்ஸ் வந்தப்ப நின்னு பாத்துட்டு நல்லா போகுதும்மான்னு சொல்லிட்டுப் போனாரு, எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா பேக்கிங்ல அட்டைப்பெட்டி எண்ணிக்க மட்டும் ஏறவே இல்ல. தேதி நெருங்குது. நான் என்ன பண்ணேன், லைன் மொத்தத்துக்கும் ஓட்டி, அதான் ஓவர்டைம், போட்டேன், ராத்திரி 9 வரைக்கும். கை மடிக்கிறவளுக்கும் சேத்து. அப்ப குவியல் இன்னும் பெருசாச்சு.

அப்பறம்தான் இடி. கை மடிப்பு 2.5 சென்டிமீட்டர் இருக்கணும், நடுவுல மிஷின்ல துணிய மடிச்சுக் குடுக்கற ஃபோல்டர் மாத்தினதுல 2 சென்டிமீட்டரா ஓடியிருக்கு. குவியல்ல பழசு மேல புதுசு ஏறிட்டே இருந்ததால ரெண்டு நாளா யாரு கண்ணுலயும் படல, சட்டையில வெச்சுத் தெக்க எடுத்தப்பத்தான் தெரிஞ்சுது. ஓட்டியோட சேத்து ரெண்டாயிரத்துக்கும் மேல ஜோடி. நானும் ரெண்டு பொண்ணுங்களும் தரையில பாய விரிச்சு உக்காந்து பிரிச்சோம். பிளாட்லாக் தையல்ல சரியான நூல் முனைய சரியான பக்கத்துலருந்து புடிச்சா சரசரன்னு மொத்தமும் கழண்டு வந்துடும், தப்பா இழுத்தா முடிச்சு விழுந்து துணியில கண்ணு கண்ணா ஓட்ட. விடியக்காலம் நாலு மணிக்கு ஒரு பொண்ணு கேட்டா, ‘அக்கா, ரெண்டு நாளா இத மடிச்சோம், இப்ப இதையே பிரிக்கறோம், இது எந்தக் கணக்குல வரும்?’னு. என்கிட்ட பதில் இல்ல. அந்த சரக்கு கப்பல்ல போகல, பிளேன்ல போச்சு.

13 ஜூன், காலை 5:50

ஒருத்தர் கேட்டிருக்காரு, அப்ப கை மடிக்கிற பொண்ண சும்மா உக்கார வெக்கணுமான்னு. ஆமா. 640க்கு மேல மடிக்காம உக்காரணும், இல்லன்னா பிளாக்கெட் பக்கம் போய் ஒத்தாச பண்ணணும். இத சொல்ல எனக்கு ரெண்டு வருஷம் புடிச்சுது, ஏன்னா சும்மா உக்காந்திருக்கற ஆளப் பாத்தா நமக்கு வயிறு எரியும், அப்படித்தான் வளத்திருக்காங்க.

இன்னொரு விஷயம் இதுல இருக்கு, அத யாரும் கேக்கல. அந்தப் பொண்ணு பீஸ் ரேட். உக்காந்தா அவளுக்குக் காசு போச்சு. அவ மேல தப்பே இல்ல, குவிச்சாத்தான் சம்பளம்னு நாமதான் எழுதி வெச்சிருக்கோம். அவள ஷிப்ட் கூலிக்கு மாத்தின பிறகுதான் வேற டேபிளுக்கு வான்னு என்னால கூப்பிட முடிஞ்சுது.

13 ஜூன், இரவு 9:40

தம்பி, உனக்கும் அந்தக் கைக் குவியலுக்கும் என்ன சம்மந்தம்னு கேட்டிருக்க. சொல்றேன்.

லிட்டில்ஸ் லான்னு ஒண்ணு இருக்கு. ஜான் லிட்டில்னு அமெரிக்க பேராசிரியர் 1961ல நிரூபிச்சது. ஐஇ, அதான் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், படிச்ச பையன் ஒருத்தன் லைன்ல டிரெய்னிங் வந்தப்ப எனக்கு சொல்லிக் குடுத்தான். உள்ள கெடக்கற சரக்க, ஒரு நாளைக்கு வெளிய போற சரக்கால வகுத்தா, ஒரு பீஸ் உள்ள எத்தன நாள் மாட்டிக் கெடக்கும்னு வரும். என் லைன்ல 1440ஐ 640ஆல வகுத்தா ரெண்டே கால் நாள். அதாவது ஒரு கைய மடிச்சு வெச்சா அது சட்டையில ஏற ரெண்டே கால் நாள். தப்பு நடந்தா கண்டுபுடிக்கவும் ரெண்டே கால் நாள், அதான் அந்த ரெண்டு நாள் கூத்து.

இப்ப உன் டேபிள். ஒரே நேரத்துல தொறந்து வெச்சிருக்கற வேல, பாதி எழுதின மெயில், பாதி பேசின ரேட், சாம்பிள் அனுப்பிட்டு பாலோ பண்ணாதது, எல்லாம் சேத்து 60 இருக்குன்னு வெச்சுக்க. நாளைக்கு 10 முடியுது. அப்ப ஒவ்வொண்ணும் 6 நாள் ஊறும். நீ ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா உக்காந்து புதுசா 12 வேலைய தொடங்கினா அது 72 ஆகும், 7 நாளுக்கு மேல ஆகும். நீ ஓடினதால லேட் ஆச்சு தம்பி. கஷ்டமாத்தான் இருக்கும் கேக்க.

14 ஜூன், இரவு 10:30

கார் பார்ட் கம்பெனில இருக்கற ஒரு அண்ணன் டொயோட்டா பேச்ச எடுத்திருக்காரு, சந்தோஷமா இருக்கு, அது எனக்குப் புடிச்ச விஷயம்.

தாய்இச்சி ஓனோன்னு டொயோட்டாவுல இருந்தவரு, வேண்டியத மட்டும் வேண்டிய நேரத்துல செய்யற அவங்க முறைய கொண்டுவந்ததுல முக்கியமான ஆளு. அவரு சொல்றது ஜப்பான் எழுத்துலயே இருக்கு. ‘உகோகு’ன்னா அசையறது, நகர்றது. ‘ஹதராகு’ன்னா வேல செய்யறது. ரெண்டுக்கும் எழுத்து கிட்டத்தட்ட ஒண்ணு, ரெண்டாவதுல மட்டும் இடது பக்கம் ஒரு சின்ன மனுஷன் குறி சேரும். அசைவுல மனுஷன் சேந்தா வேல. அவங்க ஆலையில இத வெச்சே பேசுவாங்க, இந்த ஆளு இப்ப அசையறாரா, வேல செய்யறாரான்னு.

அந்த ஐஇ பையன் ஒரு துண்டுச் சீட்டுல ரெண்டு எழுத்தையும் வரஞ்சு காட்டினான். நான் அந்தச் சீட்ட எடுத்துட்டுப் போய் பிளாக்கெட் அக்கா பக்கத்துல நின்னேன். ஓனோ இன்ஜினியர்கள சாக்பீஸ்ல ஒரு வட்டம் போட்டு அதுக்குள்ள மணிக்கணக்கா நிக்க வெச்சு பாக்கச் சொல்லுவாராம். நான் வட்டமெல்லாம் போடல, தூண்ல சாஞ்சு ஒரு மணி நேரம் நின்னேன். 15 வருஷம் அந்த மாதிரி டேபிள தாண்டித் தாண்டி நடந்திருக்கேன், ஒரு இடத்துல நின்னு பாத்தது அதான் முதல் தடவ.

பண்டல் வருது. 20 பீஸ் ஒரு பண்டல். கட்டிங்ல பசங்க வேஸ்ட் துணிய நாடாவா கிழிச்சு அதால கட்டறாங்க, அவுந்துடக் கூடாதுன்னு ரெண்டு முடிச்சு, இறுக்கி. அக்கா மொதல்ல நகத்தால நெண்டறாங்க, வரல. பல்லால கடிச்சு இழுக்கறாங்க. அவுருது. அப்புறம் நம்பர் ஸ்டிக்கர் பாத்து பட்டியையும் முன்பக்கத் துணியையும் ஜோடி சேக்கறாங்க. பட்டிக்கு அயர்ன் மடிப்பு சரியா விழல, வெரலால திரும்ப மடிக்கறாங்க. தெக்கறாங்க. நூல் வெட்டறாங்க. பாபின் தீந்துச்சு, எழுந்து போய் வாங்கிட்டு வராங்க. அந்த ஒரு மணி நேரத்துல ஊசி ஓடின நேரம் பாதிகூட இல்ல. அவங்க ஒரு நிமிஷம் சும்மா இருக்கல, வேர்த்து ஊத்துது. அவ்வளவும் அசைவு.

அன்னிக்கு எனக்கு தொண்ட அடச்சுகிச்சு. ரெண்டு மாசமா அவங்கள தெனமும் சத்தம் போட்டிருந்தேன், 40க்கு மேல ஏத்த மாட்டீங்களாக்கான்னு.

14 ஜூன், இரவு 11:05

முடிவ சொல்லாம விட்டுட்டேன். கை மடிக்கிற பொண்ணு கை வேல மிச்சமான நேரத்துல இங்க வந்து உக்காந்தா, பண்டல் அவுத்து, ஜோடி சேத்து, பட்டிய நல்லா மடிச்சு அயர்ன் பண்ணிக் குடுத்தா. பாபின அவளே முன்கூட்டி அடுக்கி வெச்சுடுவா. அக்காவுக்கு ஊசி மட்டும். 40 பீஸ் 52 ஆச்சு, ஒரு மிஷின் கூட வாங்கல. ரெண்டு பேருக்கும் சேத்து மணிக்கு 104. முடிச்சுக்கு ஒரு உருவு முடிச்சு போடச் சொன்னேன், ஒரு பக்கம் இழுத்தா வந்துடும்.

15 ஜூன், மதியம் 1:15

ரெண்டு திருத்தம். சாப்பாட்டு நேரம், சுருக்கமா.

அந்த முடிச்சு பத்தி படிச்சவங்க அதாலதான் எல்லாம் மாறுச்சுன்னு நெனச்சுட்டாங்க போல. கணக்குப் போட்டுப் பாத்தேன். நாளைக்கு 640ன்னா 32 பண்டல், ஒரு முடிச்சுக்கு 40 செகண்ட்னா மொத்தம் 21 நிமிஷம், பீஸ் கணக்குல 14. அவ்வளவுதான். பெரிய மாத்தம் வந்தது ஜோடி சேக்கறதுலயும் அயர்ன்லயும். ஆனா அந்த அக்காவுக்கு முன்பல்லுல வலி இருந்துச்சு, ரொம்ப நாளா இருந்துச்சாம், யாருகிட்டயும் சொல்லல. அதனால அந்த 14 பீஸ நான் தனியா வெச்சுப் பாக்கறேன்.

இன்னொண்ணு, ரெண்டே கால் நாள் கணக்குல ஓட்ட இருக்குன்னு ஒரு அக்கா சொன்னாங்க, சரிதான். ஆல்டர் பீஸ நான் சேக்கல. செக்கிங்ல திரும்பி வர்ற பீஸ் மறுபடி லைனுக்குள்ள பூந்து இடத்தையும் நேரத்தையும் புடிச்சுக்கும். நெசமான நாள் அதுக்கும் மேலதான் இருந்திருக்கும். தம்பி, உன் விஷயத்துலயும் இதையே பாரு, அவசரத்துல தப்பா அனுப்பின மெயில், ரெண்டாவது தடவ வந்து மூணாவது தடவ விளக்கம் கேக்கும்.

16 ஜூன், ஞாயிறு, காலை 8:30

லீவு. இன்னிக்கு வேற எங்கயோ போகுது மனசு, பொறுத்துக்கங்க.

எங்கப்பா சோமனூர் பக்கம் தறி ஓட்டினவரு. நாலு பவர்லூம் ஒரு ஆளுக்கு. அந்தத் தறியில ஊடை நூல், அதான் குறுக்கு நூல், அறுந்தா தறி நிக்கும், தார், அதான் அந்த நூல் சுத்தின குச்சி, தீந்தாலும் நிக்கும். பாவு நூல், அதான் நீள நூல், அறுந்தா நிக்காது, அது பாட்டுக்கு ஓட்டையோட துணி நெய்யும். அதனால அப்பா நடந்துட்டே இருப்பாரு, நாலு தறிக்கும் நடுவுல, கண்ணு பாவு மேலயே. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்தா கால வெந்நீர்ல வெச்சு உக்காருவாரு, நான் உப்புப் போடுவேன். ‘எத்தன தூரம் நடந்தீங்கப்பா?’ன்னு கேட்டா, சோமனூர்லருந்து கோயமுத்தூருக்கும் திரும்ப சோமனூருக்கும்னு சிரிப்பாரு.

டொயோட்டாவும் தறியிலருந்து வந்ததுதான்னு எனக்குத் தெரிஞ்சது ரொம்ப பின்னாடி. அந்தக் குடும்பத்து பெரியவரு சகிச்சி டொயோடா 1924ல ஒரு தானியங்கித் தறி கொண்டுவந்தாரு. ஊடை அறுந்தாலும் பாவு அறுந்தாலும் தானா நின்னுடும், தார் தீந்தா ஓடற ஓட்டத்துலயே தார் வெச்ச நாடா மாறிக்கும். அதுக்கப்பறம் ஒரு ஆளு ஏகப்பட்ட தறியப் பாத்துக்கலாம், ஏன்னா நின்ன தறிகிட்ட மட்டும் போனா போதும். 1929ல இங்கிலாந்துல பிளாட் பிரதர்ஸ்னு பெரிய மிஷின் கம்பெனி அந்த உரிமைய காசு குடுத்து வாங்குச்சு. கார் கம்பெனி 1937லதான்.

எங்கப்பா நடந்த நடையில முக்கால்வாசி, ஒண்ணும் அறுந்திருக்கலன்னு தெரிஞ்சுக்கறதுக்காக நடந்தது. அவரு சோம்பேறின்னு யாரும் சொல்ல முடியாது, அத்தன உழைப்பு. அந்த உழைப்புக்கு வேற ஒரு தறி கெடச்சிருந்தா கால் மிச்சமாயிருக்கும். தம்பி, நீ அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ மெயில் பொட்டியத் தொறந்து பாக்கறேன்னு எழுதியிருந்தியே, அதப் படிச்சப்பத்தான் அப்பா ஞாபகம் வந்துச்சு.

16 ஜூன், இரவு 9:15

காலைல எழுதினதுலருந்து ஒண்ணு உறுத்திகிட்டே இருக்கு. நான் இதுவரைக்கும் எழுதினத ஒரு முதலாளி படிச்சா, சரி எல்லாருக்கும் ஸ்டாப்வாட்ச் போடலாம்னு கிளம்பிடுவாரு. அதுவும் நடந்திருக்கு.

நான் சொன்னேன்ல 40 பீஸ் 52 ஆச்சுன்னு. ரெண்டு மாசம் கழிச்சு பீஸ் ரேட்ட கொறச்சாங்க. அதே சம்பளத்துக்கு 52 தெக்கலாம்ல, அப்ப எதுக்கு பழைய ரேட்டுன்னு. நான் எதுத்துப் பேசினேன், நடக்கல. மறுவாரமே 52 திரும்ப 43க்கு வந்துச்சு. ரெண்டு அக்காவும் ஒரு வார்த்த பேசல, மிஷின் நிக்கவும் இல்ல, நூல் வெட்டறதுல நேரம் எடுத்தாங்க, பாபினுக்கு அவங்களே எழுந்து போனாங்க. பிஸியாத்தான் இருந்தாங்க. எனக்குப் புரிஞ்சுது. நான் அவங்க இடத்துல இருந்தாலும் அதத்தான் செய்வேன். ஆறு மாசத்துல அந்தக் கம்பெனிய விட்டு வந்துட்டேன்.

பழைய கதைதான் இது. 1911லயே ஃபிரடெரிக் டெய்லர், அமெரிக்காவுல ஸ்டாப்வாட்ச் வேலைய ஆரம்பிச்சு வெச்சவரு, எழுதியிருக்காரு, வேகமா செஞ்சா ரேட்ட கொறப்பாங்கன்னு தெரிஞ்சே ஆளுங்க மெதுவா செய்யறாங்கன்னு. அவரே ஃபிராங்க் கில்பிரெத்தோட செங்கல் வேலையவும் சொல்றாரு. கில்பிரெத் கொத்தனாரா இருந்து வந்தவரு. ஒரு செங்கல் வெக்க 18 அசைவு இருந்தத 5 ஆக்கினாரு, செங்கல் அடுக்க உயரம் ஏத்தி எறக்கற சாரம் போட்டாரு, ஒவ்வொரு கல்லுக்கும் குனிஞ்சு நிமிர வேண்டாம். மணிக்கு 120 கல்லு 350 ஆச்சு. எனக்கு அதுல புடிச்சது அந்த சாரம்தான். இடுப்ப மிச்சம் புடிச்சாரு, அதுக்கப்பறம் எண்ணிக்க தானா வந்துச்சு. மொதல்ல எண்ணிக்கைய கேட்டிருந்தா இடுப்பு ஒடிஞ்சிருக்கும்.

அதனால மத்தவங்க வேலைய அளக்கப் போறவங்க, மிச்சமாகற நேரம் யாருக்குப் போகும்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு வாங்க.

17 ஜூன், இரவு 10:50

தம்பி எழுதியிருக்கான், படிச்சேன். அந்த 6:30 அண்ணா காலைல வந்ததும் மெயில் பாக்கறது இல்லையாம், ஒரு நோட்டு எடுத்து, பையர் சைடுல என்னென்ன அப்ரூவல் நிக்குதுன்னு எழுதி, அதுக்கு மட்டும் மொதல்ல வேல பாக்கறாராம். லேப் டிப்னு கலர் சாம்பிள், சைஸ் செட்னு எல்லா சைஸ் சாம்பிள், பிரிண்ட் ஸ்டிரைக் ஆஃப்னு பிரிண்ட் சாம்பிள். அப்பறம்தான் மத்தது. பத்து மணிக்கு மேல அவருகிட்ட யாராச்சும் அவசரம்னு வந்தா, எழுதி வெச்சுக்கிட்டு மதியம் சொல்றேன்னு அனுப்பிடறாராம்.

அவரோட பிளாக்கெட் அது. லேப் டிப்புக்கு பையர் ஓகே சொல்லலன்னா துணி டையிங்குக்குப் போகாது, துணி வரலன்னா கட்டிங் இல்ல, கட்டிங் இல்லன்னா என்ன மாதிரி ஆளுங்க 32 டெய்லர வெச்சுகிட்டு வாசலப் பாத்து உக்காந்திருப்போம். உன் ஒரு மெயிலுக்குப் பின்னாடி இவ்வளவு பேர் இருக்காங்க. உனக்கு 200 மெயில் வருதுன்னு வெச்சுக்க, அதுல அந்த மாதிரி மெயில் நாளைக்கு நாலோ அஞ்சோதான் இருக்கும், எனக்கு பந்தயம் கட்டவே தோணுது. மிச்சமெல்லாம் கை மடிப்பு. கை மடிக்காம சட்டை இல்ல, ஆனா அதுதான் உன்ன லேட் ஆக்கறதும்.

நேர்ல வந்து நிக்கற ஆளுகிட்ட அப்பறம்னு சொல்ல பயமா இருக்குன்னு எழுதியிருக்க. எனக்கும் இருந்துச்சு, இப்பவும் கொஞ்சம் இருக்கு. ஓனர் வரும்போது கத்திரிய எடுத்து எதையாச்சும் வெட்டிட்டு நின்ன சூப்பர்வைசர்தான் நானும்.

19 ஜூன், காலை 5:40

நேத்து லைன்ல ஒண்ணு நடந்துச்சு, சொல்லிட்டு கிளம்பறேன். இப்ப இருக்கற கம்பெனில காலர் வெக்கற டேபிள்தான் இடுக்கு, வேல தேங்கற இடம். பாட்டம், அதான் சட்டையோட கீழ் ஓரம், மடிக்கிற பொண்ணு மூணரைக்கே அன்னிக்குத் தேவையானத முடிச்சுட்டா. ஷிப்ட் கூலி, அதனால காசு பயம் இல்ல. ஆனாலும் எழுந்து எழுந்து உக்காந்தா, துணிய எடுத்து மடிச்சு மடிச்சு வெச்சா, என்னப் பாத்தா. புதுசா வந்த மேனேஜர் அந்தப் பக்கம் வந்தாரு, இவளுக்கு நாளைக்கு உள்ள பண்டல குடுக்கலாமான்னாரு. வேண்டாங்க சார், காலருக்கு ஆள் வேணும்னா கூப்பிட்டுக்கறேன், இல்லன்னா உக்காரட்டும்னேன். அவரு ஒரு மாதிரி பாத்தாரு, சரின்னுட்டுப் போனாரு. அந்தப் பொண்ணு டீ வாங்கிட்டு வந்து காலர் டேபிள் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்தா. கொஞ்ச நேரத்துல அவளே காலர அடுக்கிக் குடுக்க ஆரம்பிச்சுட்டா.

தம்பி, அந்த நேவி ப்ளூ லேப் டிப் திங்கக்கெழம அனுப்பறேன்னியே, பையர் என்ன சொன்னாங்க?